கோதுமைக்குப் பசிக்கும் நாள்

விதைத்த இருபத்தெட்டாம் நாள் காலையில் வயலுக்குப் போனேன். கோதுமை வெளுத்துக் கிடந்தது. மேலே இருந்த இலைகள் இளம்பச்சை, அடி இலைகள் நுனியிலிருந்து மஞ்சள். தழைச்சத்து (நைட்ரஜன்) போதவில்லை என்பதைச் செடி இப்படித்தான் சொல்லும். வரவு குறையும்போது பழைய இலையில் இருப்பதை உருவிப் புது இலைக்குக் கொடுத்துவிடும். அதனால் அடியிலிருந்து மஞ்சளாகும். கந்தகம் போதாவிட்டால் நேர்மாறாக, புது இலைதான் முதலில் வெளுக்கும். எனவே என்ன குறை என்று புரிந்துவிட்டது. ஏன் என்றுதான் புரியவில்லை. அந்த ஒரு ஏக்கருக்குத்தான் அந்த வருடம் நாலு டன் எரு அடித்திருந்தேன். அதை நம்பி யூரியாவையும் பாதிக்கு மேல் குறைத்திருந்தேன்.

அப்பா வந்தார். ஒன்றும் பேசவில்லை. களைக்கொத்தால் இரண்டு செடிகளுக்கு நடுவே கொத்தி, ஒரு கட்டி மண்ணை எடுத்து உடைத்தார். உள்ளே விரல் நீளத்துக்கு வைக்கோல் துண்டுகள். மஞ்சள் நிறம்கூடப் போகவில்லை. அவற்றைச் சுற்றி வெள்ளை நூல் போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. ஒரு துண்டை எடுத்து இரு கையாலும் இழுத்துப் பார்த்தார். அறுபடவில்லை.

"இது இன்னும் மக்கவே இல்லம்மா. பயிருக்கு நீ போட்டதை இதுதான் தின்னுட்டு இருக்கு" என்றார்.

இந்தப் பதிவு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியதுதான். இயற்கை உரத்தையும் ரசாயன உரத்தையும் கோதுமைக்குச் சேர்த்துக் கொடுப்பது எப்படி என்று என்னிடம் கேட்பவர்கள் எல்லாருமே எவ்வளவுக்கு எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். பாதிக்குப் பாதியா, காலே அரைக்காலா என்று. நானும் அப்படித்தான் தொடங்கினேன். எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதுதான் பெரிய கேள்வி என்று எனக்குப் புரிய இரண்டு பருவங்கள் ஆயின.

முதலில் அந்த மஞ்சளுக்குக் காரணம். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களுக்குக் கரிமமும் வேண்டும், தழைச்சத்தும் வேண்டும். கோதுமை வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறத்தாழ எண்பது பங்கு கரிமம் இருக்கிறது. நன்றாக மக்கிய எருவில் அது இருபதுக்குப் பக்கத்தில் வந்துவிடும். இருபது, இருபத்தைந்துக்குக் கீழே இருந்தால் நுண்ணுயிர் தின்றது போக மிச்சத் தழைச்சத்து மண்ணுக்கு வரும். அதற்கு மேலே ரொம்பப் போனால், வைக்கோலைச் செரிக்கத் தேவையான தழைச்சத்தை அவை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மண்ணில் அப்போது என்ன இருக்கிறது? நாம் போட்ட யூரியாவும் டிஏபியும்தான் (தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த ரசாயன உரம்தான் டிஏபி). அது எங்கும் தொலைந்து போவதில்லை. நுண்ணுயிரின் உடம்புக்குள் இருக்கிறது. அவை செத்து மடிந்த பிறகு திரும்பி வரும். ஆனால் அதற்குள் கோதுமை தூர் கட்டும் காலம், அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விடும் காலம், முடிந்துபோகும். அந்தப் பருவத்தில் என் வயலில் அதுதான் நடந்தது. பக்கவாட்டில் மூன்று நான்கு தூர் வெடிக்க வேண்டிய செடி, ஒன்றோடு நின்றுவிட்டது. அதன் பிறகு யூரியா தூவினேன், பச்சை திரும்பியது. வராத தூர் வரவில்லை.

என் இரண்டாவது தப்பு கணக்கில். ஏக்கருக்கு 48 கிலோ தழைச்சத்து தேவை என்று வைத்திருந்தேன் (ஹெக்டேருக்கு 120 கிலோ, பாசனக் கோதுமைக்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு). தொழு உரத்தில், அதாவது மாட்டு எருவில், நூற்றுக்கு அரை பங்கு தழைச்சத்து. அப்படியென்றால் நாலு டன்னில் 20 கிலோ. 48-இல் 20-ஐக் கழித்து, மீதி 28 கிலோவுக்கு மட்டும் உரம் வாங்கினேன். கணக்கு நோட்டில் சரியாக வந்தது. அந்த 20 கிலோவும் இந்தப் பயிருக்கே கிடைத்துவிடும் என்று எடுத்துக்கொண்டதுதான் பிசகு. எருவில் இருக்கும் தழைச்சத்தில் பெரும்பகுதி புரதமாகவும் மட்காகவும் (மக்கி முடிந்த கரும்பொருள்) கட்டுண்டு கிடக்கிறது. முதல் பயிருக்குக் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் அதிகம். ஐந்து, ஆறு கிலோ. மீதி அடுத்த வருடத்துக்கும் அதற்கடுத்த வருடத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வரும்.

கோதுமைக்கு இது இன்னும் கடினம், ஏனென்றால் அது குளிர்காலத்துப் பயிர். நுண்ணுயிர் வேலை செய்யச் சூடு வேண்டும். விதைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதம் வரை மண் குளிர்ந்து கிடக்கிறது. எரு தூங்குகிறது. அந்த நேரத்தில்தான் செடிக்குப் பசி. பிறகு வெயில் ஏறி மண் சூடானதும் எரு விழித்துக்கொண்டு தழைச்சத்தை விடத் தொடங்கும். அப்போது கதிர் வெளியே வந்திருக்கும். எத்தனை தூர், கதிரில் எத்தனை மணி என்பதெல்லாம் அதற்கு முன்பே முடிவாகியிருக்கும். கோதுமை தன் தழைச்சத்தில் பெரும்பகுதியைப் பூப்பதற்கு முன்பே உறிஞ்சி, தண்டிலும் இலையிலும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பால் பிடிக்கும்போது அதை மணிக்கு மாற்றுகிறது. மண்ணிலிருந்து கடைசியில் கிடைக்கும் கொஞ்சம், மணியின் புரதத்தைக் கூட்ட உதவும். அதனால் எருவின் தாமதம் வீணில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி முதல் மாதத்தைக் கடக்க முடியாது.

சரி, எரு வேண்டாம், யூரியாவே போதும் என்று போனால்? எனக்கு முன்னால் அப்பா அப்படித்தான் பல வருடம் செய்தார். மாடுகள் குறைந்துபோன காலம் அது. எருக்குழி தூர்ந்துபோனது. ஆரம்பத்தில் நல்ல விளைச்சல். பிறகு அதே விளைச்சலுக்கு ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கூடுதலாக யூரியா தேவைப்பட்டது. மழை பெய்து காய்ந்தால் மேல்மண் அப்பளம் போல இறுகி, முளை அதைத் தள்ளிக்கொண்டு வரத் திணறியது. தண்ணீர் விட்ட நாலாம் நாளே வெடிப்பு. ஒரு வருடம் பயிர் வெளுப்பாக இருக்கிறதே என்று தண்டு நீளும் பருவத்தில் ஒரு மூட்டையைக் கூடுதலாகத் தூவினார். பயிர் கரும்பச்சையாக, பார்க்க அவ்வளவு அழகாக எழுந்து நின்றது. கதிர் கனத்த வாரத்தில் ஒரு காற்றும் மழையும். மறுநாள் வயலில் பாதி தரையோடு படுத்திருந்தது. படுத்த கதிரில் மணி சூம்பிவிட்டது, இலையெல்லாம் சாம்பல் நோய் பூத்துவிட்டது. தழைச்சத்து அளவுக்கு மீறினால் தண்டின் கணு இடைவெளி நீளும், சுவர் மெலியும். பயிர் நெருக்கமாகி உள்ளே காற்று போகாது.

உயரமான பழைய ரகங்களில் இது இன்னும் மோசம். ஜப்பானின் நோரின் 10 என்ற குட்டை ரகத்தின் மரபணுவை எடுத்து பயிர் விஞ்ஞானி நார்மன் போர்லாக் மெக்சிகோவில் புதிய ரகங்களை உருவாக்கியதன் முக்கியக் காரணமே, உரம் போட்டால் சாயாத கோதுமை வேண்டும் என்பதுதான். அந்தக் குட்டை ரகங்கள் உலகத்தின் பசியைக் குறைத்தன. 1970-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் குட்டை ரகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அப்பா அந்த வருடம் அதைத் தாண்டினார்.

ஆக, அப்பாவின் வழியில் உரம் வேகமாக வந்து வேகமாகப் போனது. என் வழியில் உரம் மெதுவாக வந்து, வர வேண்டிய நாளில் வராமல் போனது. இருவரும் ஒருவர் தப்பை இன்னொருவர் பார்த்திருந்ததால் மூன்றாவது பருவத்தில் ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

முதல் வேலை எருக்குழி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கலப்பு முறையில் முக்கால் பங்கு வெற்றி இங்கேயே முடிவாகிறது என்பது என் எண்ணம்.

மாட்டுச் சாணத்தைவிட மாட்டு மூத்திரத்தில்தான் உடனே கிடைக்கும் தழைச்சத்து அதிகம். அதுதான் தரையில் வடிந்து வீணாகிறது. தொழுவத்தில் வைக்கோலைப் பரப்பி, அது நனைந்ததும் அள்ளிக் குழிக்குக் கொண்டு போனோம். சாணம் ஓர் அடுக்கு, நனைந்த வைக்கோல் ஓர் அடுக்கு, மேலே மெல்லியதாக மண். முன்பு நான் அடுப்புச் சாம்பலையும் இதில் கொட்டுவேன். ஒருநாள் குவியலைக் கிளறும்போது கண் எரியும்படி ஒரு நெடி வந்தது. அது அம்மோனியா. சாம்பலின் காரம் தழைச்சத்தை வாயுவாக்கி வெளியே தள்ளுகிறது. மூக்கில் ஏறிய அந்த நெடி அவ்வளவும் என் பயிருக்குப் போக வேண்டிய உரம். சாம்பலை அன்றோடு நிறுத்தினேன். அது சாம்பல் சத்துக்கு (பொட்டாசியம்) நல்லதுதான், வயலில் தனியாகத் தூவிக்கொள்ளலாம்.

குவியலுக்குள் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி வைத்திருந்தேன். நாலாம் நாள் உருவித் தொட்டால் கையில் பிடிக்க முடியவில்லை. அந்தச் சூடு நல்லது. அறுபது டிகிரிக்குப் பக்கம் போனால் களை விதைகளும் நோய்க் கிருமிகளும் பெரும்பாலும் சாகும். கம்பி ஆறியதும் புரட்டிப் போட்டோம். மறுபடி சூடேறியது. மறுபடி புரட்டினோம். மூன்றாம் முறை புரட்டியும் கம்பி சூடாகவில்லை. ஏறத்தாழ நாலு மாதம் ஆகியிருந்தது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் உருண்டை பிடித்தது, தண்ணீர் வடியவில்லை. விரலால் தட்டினால் உதிர்ந்தது. வைக்கோல் துண்டு ஒன்றிரண்டு தென்பட்டன, தொட்டதும் பொடிந்தன. முதல் மழை பெய்த மண்ணின் வாசம்.

சந்தேகம் தீர இன்னொரு சோதனையும் செய்தோம். ஈரமான எரு கொஞ்சத்தை பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, இரண்டு நாள் நிழலில் வைத்துத் திறந்து முகர வேண்டும். நாற்றமோ நெடியோ அடித்தால் இன்னும் முடியவில்லை. மண் வாசம் என்றால் தயார். யாரும் செய்யக்கூடிய சோதனை. இதை முதல் வருடம் செய்திருந்தால் அந்த மஞ்சளைப் பார்த்திருக்க மாட்டேன்.

எருவை வயலுக்குக் கொண்டுபோய்ச் சின்னச் சின்னக் குவியலாக வைத்து வாரக்கணக்கில் வெயிலில் காயவிடுவதையும் விட்டுவிட்டோம். அன்றைக்கு அடித்த எருவை அன்றைக்கே கலைத்து, அன்றைக்கே உழுது மூடினோம். விதைப்புக்கு மூன்று வாரம் முன்பு.

அப்புறம் நோட்டைத் திறந்தோம். மறுபடியும் ஏக்கருக்கு நாலு டன் எரு. தழைச்சத்து வரவு 20 என்று எழுதாமல் 6 என்று எழுதினோம். 48-இல் 6 போக 42. மணிச்சத்து (பாஸ்பரஸ்) 24 கிலோ தேவை. அதற்கு 52 கிலோ டிஏபி. டிஏபியில் மணிச்சத்து நூற்றுக்கு 46, தழைச்சத்து 18. ஆக அதிலேயே 9 கிலோ தழைச்சத்து வந்துவிடுகிறது. மீதி 33 கிலோ. யூரியாவில் நூற்றுக்கு 46 என்பதால் 72 கிலோ யூரியா. முன்பு நான் இதையெல்லாம் ஒரே வரியில் எழுதி முடித்துவிடுவேன். இப்போது பக்கத்தில் நாட்களையும் எழுதினோம். டிஏபி விதைப்போடு அடியுரமாக. யூரியா ஒரு பாதி இருபத்தொன்றாம் நாள். மறுபாதி நாற்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவே, தண்டில் முதல் கணு கைக்குத் தட்டுப்படும்போது. இந்த எண்கள் எங்கள் மண்ணுக்கு. உங்கள் மண்ணைப் பரிசோதித்துவிட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். கணக்குப் போடும் முறை மட்டும் எங்கும் ஒன்றுதான்.

மணிச்சத்து உரத்தில் பெரும்பகுதி மண்ணில் விழுந்ததும் சுண்ணாம்போடோ இரும்போடோ ஒட்டிக்கொண்டு பயிருக்குக் கிடைக்காமல் போகிறது. எரு மக்கும்போது வரும் கரிம அமிலங்கள் அந்தப் பிடிப்பைத் தளர்த்துகின்றன. எரு அடித்த மண்ணில் டிஏபி நன்றாக வேலை செய்வதற்கு அது ஒரு காரணம். பொட்டாஷ் விஷயம் இன்னும் எளிது. எருவில் இருக்கும் சாம்பல் சத்து எதிலும் கட்டுண்டு கிடப்பதில்லை, தண்ணீரில் கரைந்து உடனே வரும். நாலு டன் எருவில் 20 கிலோ வரை இருக்கும். எங்கள் தேவை 16. அதனால் பொட்டாஷ் மூட்டையை அந்த வருடம் வாங்கவே இல்லை. எருவை நம்பி எதைக் குறைக்கலாம் என்று கேட்டால், முதலில் பொட்டாஷ், கடைசியில் யூரியா என்பேன். நான் முதல் வருடம் அதைத் தலைகீழாகச் செய்திருந்தேன்.

துத்தநாகமும் அப்படித்தான், எருவோடு கொஞ்சம் வந்துவிடும். காரமான மண்ணாக இருந்து பரிசோதனையில் குறை தெரிந்தால் துத்தநாக சல்பேட் தனியாகப் போட வேண்டும். டிஏபியோடு கலந்து போடக் கூடாது. இரண்டும் ஒன்றையொன்று கட்டிக்கொள்ளும்.

இருபத்தொன்றாம் நாளைப் பற்றிச் சொல்கிறேன். கோதுமைக்கு இரண்டு வேர்த் தொகுதிகள். விதையிலிருந்து வருவது ஒன்று. விதைத்த இருபது, இருபத்தைந்து நாளில் மண்ணுக்குச் சற்றுக் கீழே தண்டின் அடிக்கணுவிலிருந்து கிளம்புவது இன்னொன்று. இரண்டாவதைக் கிரீட வேர் என்கிறார்கள். செடியைக் கடைசி வரை தாங்கி நிற்பதும் அதிகம் ஊட்டுவதும் அதுதான். தூர் வெடிப்பதும் அதே இடத்திலிருந்துதான். அந்த நேரத்தில் ஈரமும் தழைச்சத்தும் இல்லையென்றால் பிறகு எவ்வளவு கொட்டினாலும் ஈடுகட்ட முடியாது.

நாளை எண்ணிக்கொண்டிருப்பதைவிடச் செடியைப் பார்ப்பது நல்லது என்று பத்தொன்பதாம் நாளிலிருந்து தினமும் ஒரு செடியைப் பிடுங்கி வாய்க்கால் தண்ணீரில் அலசிப் பார்த்தேன். முதல் இரண்டு நாள் விதையோடு ஒட்டிய மெல்லிய வேர்கள் மட்டும். இருபத்தொன்றாம் நாள், விதைக்கு இரண்டு விரற்கடை மேலே, தண்டு சற்றுப் பருத்த இடத்தில், அரிசி முனை போல வெள்ளையாக மூன்று முளைகள். பழைய வேர்கள் பழுப்பேறி மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்க, இவை மட்டும் சுத்தமான வெள்ளை, நல்ல தடிப்பு. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "இத்தனை வருசம் விவசாயம் பண்ணியிருக்கேன், இதைப் பிடுங்கிப் பார்த்ததில்லம்மா" என்றார். அன்று சாயங்காலமே யூரியா தூவினோம்.

தூவுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. யூரியா அப்படியே பயிருக்குப் போவதில்லை. மண்ணில் உள்ள யூரியேஸ் என்ற நொதி அதை முதலில் அம்மோனியமாக மாற்றுகிறது. மேல்மண் ஈரமாக இருந்து யூரியா மேலேயே கிடந்தால் அது அம்மோனியாவாகக் காற்றில் பறந்துவிடும். மண் காரமாக இருந்தால் இன்னும் மோசம். எரு போட்ட மேல்மண்ணில் அந்த நொதி அதிகம், மாற்றமும் வேகம். அதனால் எருவோடு யூரியா கொடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எங்களுடையது கனமான மண். மேல்மண் காய்ந்திருக்கும்போது தூவி, உடனே மடையைத் திறந்தோம். தண்ணீர் அதை நாலு விரற்கடை உள்ளே கொண்டுபோய்விடும். மணல் மண்ணில் இப்படிச் செய்தால் வேருக்குக் கீழே ஓடிவிடும். அங்கே தண்ணீர் விட்டு, கால் புதையாத அளவுக்கு இறுகியதும் தூவுவது வழக்கம். இலையில் பனி இருக்கும் காலை நேரத்தில் தூவவே கூடாது. குருணை இலையில் ஒட்டிக் கருக்கிவிடும்.

அம்மோனியம் பிறகு நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாகிறது. நைட்ரேட் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். 72 கிலோவையும் ஒரே நாளில் கொட்டாமல் இரண்டாகப் பிரித்தது அதனால்தான். எரு உள்ள மண்ணில் மட்கு கொஞ்சம் அம்மோனியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நுண்ணுயிர்களும் கொஞ்சத்தை எடுத்து வைத்துக்கொண்டு பிறகு விடுகின்றன. முதல் வருடம் என் பயிரைப் பட்டினி போட்ட அதே வேலைதான். வைக்கோல் மக்கி, அளவு சரியாக இருக்கும்போது அது சேமிப்பாக மாறுகிறது. ஒரே உயிர்கள், ஒரே வேலை. இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும்.

அந்தப் பருவத்தில் வயலின் ஓரத்தில் மூன்று பட்டைகளைத் தனியாக விட்டிருந்தோம். ஒன்றில் உரம் மட்டும், ஒன்றில் எரு மட்டும், ஒன்றில் இரண்டும். முதல் வருடத்தில் கலப்புப் பட்டைக்கும் உரம் மட்டும் போட்ட பட்டைக்கும் விளைச்சலில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரே பருவத்தில் அதிசயம் நடக்கும் என்று நம்பி எரு அடித்துவிட்டு ஏமாந்து விடுபவர்கள் நிறைய. எரு மட்டும் போட்ட பட்டை பின்தங்கியது. தூர் குறைவு, உயரம் குறைவு, ஆனால் கடைசி வரை இலை பச்சையாக நின்றது. இரண்டாம் வருடம் நடுவில் ஒரு தண்ணீர் தவறிப்போனது. அப்போதுதான் வித்தியாசம் தெரிந்தது. உரம் மட்டும் போட்ட பட்டை நடுப்பகலில் இலை சுருண்டு நின்றது. கலப்புப் பட்டை இன்னும் மூன்று நாள் தாங்கியது. மண்வெட்டியால் ஒரு வெட்டு மண் எடுத்து எண்ணினால் அங்கே ஏழு மண்புழு. உரம் மட்டும் போட்ட பட்டையில் ஒன்று.

நாங்கள் மூன்று பட்டைகளில் இரண்டு மூன்று வருடம் பார்த்ததை 1843-இலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் என்ற இடத்தில் பிராட்பால்க் என்று ஒரு வயல். ஜான் பென்னட் லாஸும் ஜோசப் ஹென்றி கில்பர்ட்டும் தொடங்கியது. ஒரு பட்டையில் ஒன்றுமே போடுவதில்லை, ஒன்றில் தொழு உரம், மற்றவற்றில் பல அளவில் ரசாயன உரங்கள். இன்றுவரை கோதுமை விளைந்துகொண்டிருக்கிறது. நூறு வருடத்துக்கும் மேலாகத் தொழு உரப் பட்டையும் நல்ல அளவில் ரசாயன உரம் போட்ட பட்டையும் ஏறத்தாழ ஒரே விளைச்சலைத்தான் கொடுத்தன. எருதான் உயர்வு, உரம்தான் உயர்வு என்று சண்டை போடுகிறவர்கள் இரண்டு பேருக்கும் அந்த வயல் ஒத்துவராது. பிறகு 1968-இல் பயிர்ச் சுழற்சியும் குட்டை ரகங்களும் அங்கே வந்தன. விளையும் திறன் கூடிய அந்த ரகங்களுக்கு எருவும் ரசாயனத் தழைச்சத்தும் சேர்ந்த பட்டைகள் அதிக விளைச்சலைக் கொடுத்தன. தொழு உரப் பட்டையின் மண்ணில் கரிமம் எரு காணாத மண்ணைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

ஆனால் அங்கே ஹெக்டேருக்கு வருடம் 35 டன் எரு போடுகிறார்கள். ஏக்கருக்கு 14 டன். அதில் 200 கிலோவுக்கும் மேல் தழைச்சத்து ஹெக்டேருக்குப் போகிறது. அவ்வளவு சாணத்துக்கு எங்கே போவது? எரு மட்டும் போதும் என்பவர்களிடம் நான் கேட்பது இதைத்தான். கோதுமை மணியில் நூற்றுக்கு 12 புரதம் என்றால் ஒரு டன் மணியோடு 21 கிலோ தழைச்சத்து வயலை விட்டு வெளியே போகிறது (புரதத்தை 5.7-ஆல் வகுத்தால் தழைச்சத்து வரும்). இரண்டு டன் விளைந்தால் 42 கிலோ. என் நாலு டன் எருவில் மொத்தமே 20. இயற்கை விவசாயம் செய்பவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. பயறு வகைகளைச் சுழற்சியில் கொண்டுவந்து காற்றிலிருந்து தழைச்சத்து எடுக்கிறார்கள், அது வேறு வழி. ஆனால் கொஞ்சம் எருவைப் போட்டுவிட்டு உரத்தை அடியோடு நிறுத்தினால் மண்ணில் ஏற்கனவே இருப்பதைத்தான் தின்றுகொண்டிருப்போம்.

அதே பிராட்பால்க்கில் இன்னொன்றும் தெரிந்தது. தொழு உரப் பட்டையிலிருந்து நைட்ரேட் நிறையவே நிலத்தடிக்கு இறங்குகிறது. பயிர் இல்லாத மாதங்களிலும் எரு விட்டுக்கொண்டே இருக்கிறதல்லவா, அதை உறிஞ்ச வேர் இல்லை. இயற்கை உரம் என்பதால் கிணற்றுக்குக் கேடு இல்லை என்று நினைக்கக் கூடாது. தழைச்சத்துக்காக எருவைக் குவித்தால் மணிச்சத்தும் மண்ணில் தேவைக்கு மேல் சேர்ந்துகொண்டே போகும். இரண்டையும் மிதமாகக் கொடுப்பதில் எனக்குப் பிடித்தது இதுவும்தான், எதையும் அளவுக்கு மீறிக் கொட்ட வேண்டியதில்லை.

கோழி எரு கிடைப்பவர்கள் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் தழைச்சத்து மாட்டு எருவைவிடப் பல மடங்கு, வெளிவருவதும் வேகம். அதற்கு யூரியாவைக் கூடுதலாகக் குறைக்கலாம், விதைக்குப் பக்கத்தில் பச்சையாகப் போட்டால் முளை கருகும். மண்புழு உரம் நல்ல பொருள், ஆனால் ஏக்கர் கணக்கில் போட அளவு சேராது. எனக்கு அது நாற்றங்காலுக்கும் காய்கறிக்கும்தான்.

வருடங்கள் ஏற ஏற யூரியாவைக் குறைக்க முடிகிறதா என்று கேட்பீர்கள். முடிகிறது, மெதுவாக. போன வருட எருவின் மிச்சம், முந்தின வருடத்தின் மிச்சம் எல்லாம் சேர்ந்து வரவு கூடுகிறது. மூன்றாம் வருடம் நோட்டில் 6 என்ற இடத்தில் 10 என்று எழுதினோம். அந்தக் குறைப்பை இரண்டாம் தவணையில் செய்தோம், முதல் தவணையில் கை வைக்கவில்லை. இருபத்தொன்றாம் நாள் மண் இன்னும் குளிர்ந்துதான் இருக்கிறது, எரு இன்னும் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நாற்பதாம் நாள் இலையின் நிறத்தைப் பார்த்துவிட்டு மறுபாதியின் அளவை முடிவு செய்கிறோம்.

இந்த வருட விதைப்புக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. குழியில் கம்பி இருக்கிறது. நேற்று உருவிப் பார்த்தேன், இளஞ்சூடு. அப்பா ஒரு பிடி எடுத்து பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டித் திண்ணையில் நிழலாக வைத்திருக்கிறார். நாளைக் காலையில் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டும்.